டிஷ்வாஷரைச் சாய்த்துத் தண்ணீரைக் கொட்டுவது ரிப்பேர் ஆகாது

மறுபடியும் அதே கேஸ். திரையில் ஈ15 (E15) என்ற பிழைக் குறியீடு வந்திருக்கிறது. வீட்டில் வீடியோ பார்த்துவிட்டு, மெஷினை 45 டிகிரி பின்னால் சாய்த்திருக்கிறார்கள். தண்ணீர் தரையில் கொட்டியதும் குறியீடு மறைந்துவிட்டது. இப்படியே ஐந்து முறை. ஆறாவது முறை மெஷினுக்கு உயிரே இல்லை. கீழ்ப் பலகையைக் கழற்றினால் தட்டு முழுக்கத் துரு, ஒயர் முனைகளில் பச்சைக் களிம்பு, சர்க்யூட் போர்டில் ஈரம். முதல் நாளே பார்த்திருந்தால் ஒரு ரப்பர் வளையத்தோடு முடிந்திருக்கும்.

போஷ், சீமென்ஸ் மெஷின்களில் ஈ15 என்றால் அடித்தட்டில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று பொருள். மற்ற கம்பெனிகளில் குறியீடு வேறு, விஷயம் ஒன்றுதான். தொட்டிக்குக் கீழே, மோட்டார்களுக்கு அடியில் ஒரு தட்டு இருக்கும். அதில் ஒரு தெர்மாகோல் துண்டு, அதன் மேல் ஒரு மைக்ரோ சுவிட்ச். எங்கிருந்தாவது ஒழுகும் தண்ணீர் தட்டில் சேர்ந்தால் தெர்மாகோல் மிதந்து சுவிட்சை அழுத்தும். உடனே உள்ளே வரும் தண்ணீர் அடைபடும், வெளியேற்றும் பம்ப் நிற்காமல் ஓடும். அந்த ஓயாத 'ம்ம்ம்' சத்தத்தைக் கேட்டுத்தான் "பம்ப் போயிடுச்சு" என்று முடிவுகட்டுகிறார்கள். பம்ப் நன்றாக இருக்கிறது. சுவிட்சும் நன்றாக இருக்கிறது. உங்கள் சமையலறைத் தரையையும் கீழ்வீட்டுக் கூரையையும் அந்தத் தெர்மாகோல்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

சாய்த்தால் தட்டு காலியாகும். ஒழுகும் இடம் ஒழுகிக்கொண்டேதான் இருக்கும். போதாததற்கு, பல மாடல்களில் மெயின் போர்டு அடிப்பாகத்தில்தான் இருக்கிறது. சாய்க்கும்போது தண்ணீர் நேராக அதன்மேல் போகலாம். இன்னும் சிலர் தெர்மாகோலையே பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். கைகூப்பிக் கேட்கிறேன், அதை மட்டும் செய்யாதீர்கள். அதன்பின் தண்ணீர் ஏறுவதைச் சொல்ல மெஷினுக்குள் யாருமே இல்லை.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நம் வீடுகளில் முதல் சந்தேகம் நுரை மீதுதான். பவுடர் தீர்ந்துவிட்டது என்று கையால் தேய்க்கும் லிக்விடை ஒரு ஸ்பூன் விட்டால் போதும், நுரை கதவு ரப்பரின் கீழ்மூலை வழியாகப் பிதுங்கித் தட்டுக்கு இறங்கும். தட்டுத் தண்ணீரில் சோப்பு வாசனை அடித்தால் அதுதான் காரணம். உள்ளே இருக்கும் நுரையை அள்ளி எடுத்து, ஒரு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டு, நுரை அடங்கும்வரை இரண்டு மூன்று முறை வெறும் ரின்ஸ் ஓட்டுங்கள்.

வாசனை இல்லையென்றால் கசிவைத் தேடுங்கள். பிளக்கைப் பிடுங்குங்கள், சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. தண்ணீர்க் குழாயை மூடுங்கள். போர்டில் 230 வோல்ட் ஏசி நேராக்கப்பட்டு 325 வோல்ட் டிசி ஆகிறது. பிளக்கை எடுத்த பிறகும் கெப்பாசிட்டரில் அது கொஞ்ச நேரம் நிற்கும். பத்து நிமிடம் பொறுங்கள். கீழ்ப் பலகையைக் கழற்றி, தண்ணீரை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்து, தட்டைத் துடைத்து உலர்த்துங்கள். டார்ச் அடித்துப் பாருங்கள்: போர்வெல் தண்ணீர் ஒழுகிக் காய்ந்த இடத்தில் வெள்ளைக் கோடு இருக்கும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே மேலே போனால் ஊற்று தெரியும். பெரும்பாலும் சம்ப் (மெஷின் தொட்டியின் அடிக்குழி) கேஸ்கட், பம்ப் சீல், உப்பு டப்பா (தண்ணீரை மென்மையாக்கும் உப்பு போடும் இடம்) இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். கோடு இல்லையா? தட்டில் செய்தித்தாள் விரித்து, பலகையை மாட்டி, ஒரு சின்ன சைக்கிள் ஓட்டுங்கள். மறுபடி பிளக்கைப் பிடுங்கி, அதே பத்து நிமிடம் பொறுத்து, தாளில் எந்த மூலை நனைந்திருக்கிறது என்று பாருங்கள். ஓடும்போது உள்ளே கைவிடக் கூடாது.

உள்ளே வரும் ஹோஸின் முனையில் கட்டியாக ஒரு பெட்டி இருந்தால் அந்த ஹோஸை வெட்டி ஒட்ட நினைக்காதீர்கள். பல மாடல்களில் அதற்குள் மின்சார வால்வும், ஹோஸ் நெடுக 230 வோல்ட் ஒயரும் உண்டு.

தண்ணீர் வெளியேறவில்லை என்பது வேறு கேஸ். இதைத் தாராளமாக வீட்டிலேயே பார்க்கலாம். ஃபில்டரை எடுத்து, தேங்கிய தண்ணீரை மொண்டு வெளியேற்றி, சம்ப்புக்குள் இருக்கும் பம்ப் மூடியை ஸ்பூன் காம்பால் நெம்பி எடுங்கள். தடிமனான கையுறை கட்டாயம். உடைந்த கண்ணாடிச் சில்லு, புளியங்கொட்டை, பல்குச்சி, கம்பி நாரின் துணுக்கு எல்லாம் அங்கேதான் கிடக்கும். பம்பின் சிறகுச் சக்கரமான இம்பெல்லரை விரலால் சுற்றினால் விட்டுவிட்டு, இழுத்து இழுத்துச் சுற்றும். உள்ளே காந்தம் இருப்பதால் அப்படித்தான் இருக்கும். ஜாம் என்று நினைத்துப் புது பம்ப் வாங்காதீர்கள். மூடி 'டக்' என்று உட்காரவில்லை என்றால் ஈ25 (போஷ், சீமென்ஸில் வெளியேற்றும் பம்ப் கோளாறுக்கான குறியீடு) போகாது.

மாடி வீடுகளில் "தண்ணீர் எடுக்கவில்லை, வால்வு போச்சு" என்பார்கள். 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார் அழுத்தம். மொட்டைமாடித் தொட்டி குழாயிலிருந்து 2 மீட்டர் மேலே இருந்தால் 0.2 பார்தான் வரும். பல மெஷின்கள் 0.5 பார் கேட்கின்றன. தேவை பிரஷர் பம்ப், வால்வு இல்லை.

உப்பு டப்பாவில் சமையல் உப்பு வேண்டாம். கட்டிபிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருள் அடைத்துக்கொள்ளும். அதில் தவறுதலாக டிடர்ஜென்ட் போட்டால் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னரையே மாற்ற வேண்டிவரும். உப்பு போட்டதும் ஒரு சைக்கிள் ஓட்டிவிடுங்கள். சிந்திய உப்புத் தண்ணீர் தொட்டியின் அடியை அரிக்கும்.

கடைசியாக, ஸ்டார்ட் செய்து சிறிது நேரம் கழித்து, தண்ணீர் சூடாகும் கட்டத்தில் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்தால் பெரும்பாலும் ஹீட்டர் எர்த்தோடு கசிகிறது. மல்டிமீட்டரில் ஹீட்டர் 25 ஓம் சுமாருக்குக் காட்டி "நல்லா இருக்கு" என்று ஏமாற்றும். கசிவைப் பார்க்க 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வேண்டும். அது உங்களிடம் இருக்காது, எனவே அங்கே நிறுத்திக்கொண்டு ஆளைக் கூப்பிடுங்கள். ஆர்சிசிபி இல்லாத லைனுக்கு மாற்றியோ, எர்த் பின்னை உடைத்தோ ஓட்டினால் ஈரக்கையோடு ஸ்டீல் கதவைத் திறப்பவர் உங்கள் வீட்டு ஆள். எலெக்ட்ரீஷியன் வரும்போது, அந்த 16 ஆம்பியர் பிளக் பாயின்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்றும் பார்த்துவிடச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை இருக்கும், அதன் பின்னால் ஒயர் இருக்காது.