சிறைப்பட்டவரைச் சிறைப்பட்டவர் என்றே எழுதுவோம்

அமெரிக்கச் சிறைகளுக்குள் இருந்தபடி எழுதுகிறவர்களின் கட்டுரைகள் அவ்வப்போது தமிழில் வருகின்றன. வரட்டும், நிறைய வரட்டும். ஆனால் போன வாரம் நான் படித்த ஒரு மொழிபெயர்ப்பில் தலைப்புக்கு மேலே ‘குற்றவாளிகளின் எழுத்து’ என்று போட்டிருந்தார்கள். ஆங்கிலத்தில் அது ‘இன்கார்சரேட்டட் ரைட்டர்ஸ்’. கட்டுரையை எழுதியவருக்கு இன்னும் விசாரணையே முடியவில்லை. ஜாமீன் கட்டப் பணமில்லாமல் உள்ளே கிடப்பதாக மூன்றாவது பத்தியில் அவரே சொல்கிறார். அவரைத்தான் தலைப்பிலேயே குற்றவாளி ஆக்கிவிட்டார்கள். இந்தச் சொல்லை இந்த இடத்தில் நான் பார்ப்பது முதல் முறையல்ல. அதனால்தான் எழுதுகிறேன்.

‘இன்கார்சரேட்டட்’ என்ற அந்த ஆங்கிலச் சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லத்தீனில் ‘கார்கெர்’ என்றால் சிறை. ரோமாபுரியின் தேரோட்டத் திடலில் பந்தயம் தொடங்கும்வரை குதிரைகளை அடைத்து நிறுத்தும் கூண்டுக்கும் அதே பெயர்தான். ‘இன்’ என்ற முன்னொட்டு சேர்ந்து ‘உள்ளே அடை’ என்ற வினையானது. ஸ்பானிய மொழியில் இன்றும் சிறைக்குக் ‘கார்செல்’ என்றுதான் பெயர். நம் காதில் விழுந்த ‘காராகிருகம்’ என்ற வடசொல்லை இதோடு முடிச்சுப் போட வேண்டாம். அது ஒலி ஒற்றுமை மட்டும்தான்.

ஆக, மூலச் சொல் சொல்வது ஒன்றே ஒன்று: இவர் அடைக்கப்பட்டிருக்கிறார். ஏன் அடைத்தார்கள், அடைத்தது சரியா, இவர் தப்பு செய்தாரா என்பதைப் பற்றி அது வாயே திறப்பதில்லை. ‘குற்றவாளி’ அப்படியா? அது ஒரு தீர்ப்பு. நீதிபதி சொல்ல வேண்டியதை மொழிபெயர்ப்பாளர் சொல்லலாகாது. அமெரிக்காவின் உள்ளூர்ச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய பத்துக்கு ஏழு பேர் தீர்ப்பு வராதவர்கள். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களிலோ 2022 கணக்குப்படி நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். இத்தனை பேரையும் ஒரே சொல்லில் தண்டித்துவிட முடியுமா?

தீர்ப்பு வந்தவர்கள் விஷயத்திலும் சிக்கல் இருக்கிறது. லூசியானா மாநிலத்தின் அங்கோலா சிறையில் ‘தி அங்கோலைட்’ என்று ஓர் இதழ் உண்டு, உள்ளே இருப்பவர்களே நடத்துவது. 1976இல் அதன் ஆசிரியரானவர் வில்பர்ட் ரிடோ. 1961இல், 19 வயதில், வங்கிக் கொள்ளையில் ஒரு பெண்ணைக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்றவர். காவலில் அவர் கொடுத்த வாக்குமூலத்தைப் படம் பிடித்து, விசாரணை தொடங்கும் முன்பே உள்ளூர்த் தொலைக்காட்சியில் காட்டிவிட்டார்கள். ஊரே பார்த்துவிட்ட பிறகு அதே ஊரில் நடந்த விசாரணை நியாயமானதல்ல என்று 1963இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. பிறகு மறுபடி மறுபடி விசாரணை நடந்தது. கடைசியில் 2005இல் அது கொலை ஆகாது, அதற்குக் குறைந்த குற்றம்தான் என்று நடுவர் குழு முடிவு செய்ய, 44 ஆண்டுகளுக்குப் பிறகு வெளியே வந்தார். உயிரைப் பறித்ததை அவர் மறைத்ததில்லை. ஆனாலும் இந்த 44 ஆண்டுகளில் எந்த ஆண்டில் நின்று அவரை என்னவென்று அழைப்பது? தீர்ப்புகள் மாறின. உள்ளே அடைக்கப்பட்டிருந்தார் என்பது மட்டும் மாறவில்லை. சொல்லும் அதைத்தான் சொல்ல வேண்டும்.

இங்கே நம் ஊர்ச் செய்திகளையும் சொல்லியாக வேண்டும். ‘குற்றவாளிகள் மூன்று பேர் கைது’ என்று தினமும் ஓடுகிறது. கைது ஆன நிமிடத்தில் எப்படிக் குற்றவாளி ஆனார்கள்? காவல் நிலையத் தாள்களில்கூட அவர்கள் ‘எதிரி’தான். அது கேட்க முரட்டுத்தனமாக இருந்தாலும் வழக்கின் எதிர்த்தரப்பு என்ற அளவில் நின்றுவிடுகிறது. செய்தி எழுதுகிறவர்களுக்குக் ‘குற்றஞ்சாட்டப்பட்டவர்’ நீளமாக இருக்கிறதாம். நாலு எழுத்தை மிச்சம் பிடிக்க ஒருவர் பெயரைக் கெடுக்கலாமா?

சரி, குற்றவாளி வேண்டாம் என்பதில் பலரும் ஒத்துக்கொள்வார்கள். அப்போது அவர்கள் கையில் எடுப்பது ‘சிறைவாசி’. என் உண்மையான வழக்கு இந்தச் சொல்லோடுதான்.

சிறைவாசி நல்ல எண்ணத்தில் புழங்கும் சொல் என்பது எனக்குத் தெரியும். ‘நீண்டநாள் சிறைவாசிகளை விடுதலை செய்’ என்று கேட்பவர்கள் அதைச் சொல்கிறார்கள், அரசாணைகளிலும் வருகிறது. கைதி என்பதைவிட மரியாதையாக இருக்கிறது என்பது அவர்கள் நியாயம். ஆனால் ‘வாசி’ என்ன சொல்கிறது? வசிப்பவர் என்கிறது. நகரவாசி நகரத்தில் வசிக்கிறார், வனவாசி வனத்தில் வசிக்கிறார். அந்த வரிசையில் சிறைவாசியைப் போட்டால் அவரும் ஏதோ அங்கே குடியிருப்பதுபோல ஆகிறது. பூட்டு காணாமல் போகிறது. பூட்டியவரும் காணாமல் போகிறார். வடசொல் என்பது என் புகார் அல்ல. தூய தமிழில் ‘சிறை வாழ்நர்’ என்று எழுதினாலும் இதே குறைதான்.

இன்னொன்று, இதைவிட முக்கியமானது. ஆங்கிலத்தில் சிறைவாசிக்கு நேரான சொல் ஏற்கெனவே இருக்கிறது: ‘இன்மேட்’. அதன் பழைய பொருள் ஒரே வீட்டில் கூட இருப்பவர், நம் பேச்சில் ஒண்டுக்குடித்தனக்காரர். பிறகு மனநல விடுதி, சிறை என்று அது நகர்ந்தது. உள்ளே இருந்து எழுதும் பலர் தங்களுக்கு வேண்டாம் என்று ஒதுக்கியது இந்த இன்மேட்டைத்தான். 2022இல் நியூயார்க் மாநிலம் தன் சட்டங்களில் அந்தச் சொல் இருந்த இடங்களிலெல்லாம் ‘இன்கார்சரேட்டட் இண்டிவிஜுவல்’ என்று மாற்றச் சட்டமே போட்டது. சிறைகளுக்குள்ளிருந்து வரும் கட்டுரைகளை வெளியிடும் ‘தி மார்ஷல் புராஜெக்ட்’ அதற்கு முந்தைய ஆண்டே தன் எழுத்தில் இன்மேட்டைக் கைவிட்டது. இவ்வளவும் நடந்த பிறகு நாம் இரண்டு சொல்லுக்கும் சிறைவாசி என்றே போட்டால் என்ன ஆகும்? ‘எங்களைச் சிறைவாசிகள் என்று அழைக்காதீர்கள், சிறைவாசிகள் என்று அழையுங்கள்’ என்று ஒருவர் கேட்பதாகத் தமிழ் வாசகர் படிப்பார். ஒரு மனிதர் தன்னை எப்படி அழைக்க வேண்டும் என்று கேட்ட ஒரே ஒரு வரியை நாம் அழித்துவிடுகிறோம்.

‘கைதி’ இதைவிடப் பரவாயில்லை. அரபியில் ‘கைத்’ என்றால் தளை, விலங்கு. கையில் விலங்கு போடுவதால் ‘கை’யிலிருந்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. கைது, கைதி இரண்டும் அந்த ‘கைத்’ வழி வந்தவை. வெளியிலிருந்து வந்த சொல் என்று அதை விரட்ட வேண்டிய அவசியமே கிடையாது. தமிழர் வாயில் நன்றாகப் பழகிவிட்ட சொல். உள்ளே இருப்பவர்களிலேயே சிலர் ‘இன்கார்சரேட்டட் பெர்சன்’ என்பது மழுப்பல், ‘பிரிசனர்’ என்ற பழைய சொல்தான் உள்ளதைச் சொல்கிறது என்று வாதாடுகிறார்கள். அவர்கள் எழுத்தைத் தமிழாக்கும்போது கைதி என்றே போடுங்கள். பிரிசனர் என்பதும் ‘பிடி’ என்ற பொருளுள்ள லத்தீன் வேரிலிருந்து வந்ததுதான்.

அப்புறம் என் சொல்: சிறைப்பட்டவர். பன்மைக்குச் சிறைப்பட்டவர்கள் அல்லது சிறைப்பட்டோர். ‘சிறை’ தமிழில் மிகப் பழைய சொல். தடுத்து நிறுத்துவது எதுவோ அது சிறை. பெருகி வரும் வெள்ளத்தைத் தடுக்கும், கல்லால் கட்டிய அணையைத் தொல்காப்பியம் ‘கற்சிறை’ என்கிறது. ‘சிறைகாக்கும் காப்பு எவன்செய்யும்’ என்று குறளில் வருவது அடைத்துக் காப்பது. இதோடு ‘படு’ சேரும்போது வேலை முடிகிறது. அடிபட்டவர், பாதிக்கப்பட்டவர், வஞ்சிக்கப்பட்டவர் என்று கேட்டவுடன் ‘யாரால்?’ என்ற கேள்வி எழுகிறது அல்லவா? அந்தக் கேள்வி இந்தச் சொல்லிலும் இருக்கிறது.

நான் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. புறநானூற்றின் 74ஆம் பாட்டு ஒரு சிறைப்பட்டவரின் பாட்டு. சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழன் செங்கணானிடம் தோற்றுச் சிறையில் கிடந்தார். தண்ணீர் கேட்டார், உடனே தரவில்லை. பிறகு தந்தபோது குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு இதைச் சொல்லிவிட்டு இறந்தார் என்கிறது அடிக்குறிப்பு. சங்கிலியில் கட்டிய நாய்போல் தன்னைத் துன்புறுத்தி இருக்க வைத்தார்கள் என்று அரசரே சொல்கிறார். அவர் பிடிபட்டதை அந்தக் குறிப்பு ‘பற்றுக்கோட்பட்டு’ என்று எழுதுகிறது. அங்கேயும் ‘பட்டு’தான். தோற்றவன் என்றோ குற்றவாளி என்றோ ஒட்டுச் சீட்டு இல்லை.

‘சிறை இலக்கியம்’ என்ற வகைப்பெயரும் எனக்குப் போதவில்லை. சிறை அதிகாரி ஓய்வு பெற்று எழுதும் நினைவுகளும் அதற்குள் வந்துவிடும். 1887இல் மினசோட்டாவின் ஸ்டில்வாட்டர் சிறையில் தொடங்கிய ‘தி பிரிசன் மிரர்’, 1940இல் பிறந்து நடுவில் நின்று 2008இல் மீண்ட ‘சான் குவென்டின் நியூஸ்’ போன்ற இதழ்களில் வருவது சிறைப்பட்டோர் எழுத்து. அப்படியே சொல்வோம்.

இந்தக் கட்டுரைகளைத் தமிழாக்குபவர்களிடம் இன்னும் சில மனக்குறைகள் உண்டு. ‘தி ஹோல்’ என்பதைத் ‘துளை’ என்று எழுதியதைப் பார்த்தேன். நம்மிடம் தனிக் கொட்டடி என்ற சொல் இருக்கிறது. பரோல் அதைவிட மோசம். நம் ஊரில் பரோல் என்றால் தாய் இறந்தால், மகளுக்குக் கல்யாணம் என்றால் சில நாள் வெளியே விட்டுத் திரும்ப அழைப்பது. அமெரிக்காவில் அது தண்டனைக் காலம் முடியும் முன்பே நிபந்தனைகளோடு வெளியே வாழ விடுவது. ‘பரோல் இல்லாத ஆயுள் தண்டனை’ என்று எழுதினால், பாவம், துக்கத்துக்குக்கூட விடமாட்டார்கள் போல என்று மட்டும் நம் வாசகர் நினைப்பார். அது சாகும்வரை சிறை. அப்படி எழுதினால்தான் அந்த மனிதர் எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறார் என்பது புரியும். அங்கே ‘பரோல்’ என்பதற்கு ‘நிபந்தனை விடுதலை’ போதும்.

‘ஜெயில்’, ‘பிரிசன்’ இரண்டையும் சிறை என்று ஒன்றாக்குவதும் இப்படித்தான். அமெரிக்க வழக்கில் விசாரணைக்குக் காத்திருப்பவர்களும் குறுகிய தண்டனை பெற்றவர்களும் ஜெயிலில், நீண்ட தண்டனை பெற்றவர்கள் பிரிசனில். விசாரணைக்காக அடைத்து வைப்பதற்கு இலங்கைத் தமிழில் ‘விளக்கமறியல்’ என்ற அருமையான சொல் அன்றாடச் செய்திகளில் புழங்குகிறது. தமிழ்நாட்டு வாசகருக்கு மறியல் என்றால் சாலை மறியல்தான் நினைவுக்கு வரும், ஒரு முறை விளக்கிவிட்டால் பழகிவிடும். நான் முதலில் சொன்ன கட்டுரையாளர் இருப்பது விளக்கமறியலில். தலைப்புக்கு மேலுள்ள அந்த ஒரு வரியைச் ‘சிறைப்பட்டோர் எழுத்து’ என்று மாற்றும்படி அந்த இதழுக்கு எழுதியிருக்கிறேன்.