பத்தியக் கஞ்சியும் மயக்க ஊசி மேல் விழும் பழியும்

இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து மூன்றாவது வாரம். பாட்டியின் தொடை வற்றிப்போயிருக்கிறது, எழுந்து நிற்கத் தெம்பில்லை. எலும்பு டாக்டர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "நீங்க குடுத்த மயக்க மருந்துதான் டாக்டர் உடம்பை உருக்கிடுச்சு" என்றார் மகன். சாப்பாடு என்னவென்று கேட்டேன். அரிசிக் கஞ்சி, ரசம் சாதம், ரஸ்க். முட்டை? "ஐயோ, தையல் சீழ் பிடிச்சிடுமே!" பருப்பும் சீழாம், மீன் கரப்பானாம். இதே பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

முழு மயக்கத்தில் இருக்கும்போது உடலில் புரதம் உருவாவதும் சிதைவதும் பொதுவாகச் சற்று மந்தமாகும், அவ்வளவுதான். மூச்சு வழியே கொடுக்கும் மயக்க மருந்தான செவோஃப்ளூரேனை நிறுத்தினால் பெரும்பகுதி சில நிமிடங்களிலேயே மூச்சோடு வெளியேறிவிடும். அது மூன்று வாரம் கழித்துத் தொடையைக் கரைக்காது.

கரைப்பது காயம். எலும்பு முறிந்தாலும் கத்தி பட்டாலும் கார்ட்டிசால் என்கிற அழுத்த ஹார்மோன் ஏறும். உடம்பு தன் தசையையே உடைத்துக் கல்லீரலுக்கும் புண்ணுக்கும் அனுப்பும். புரதம் சிதைந்தால் அதிலுள்ள நைட்ரஜன் சிறுநீரில் போகும். கால் முறிந்தவர்களின் சிறுநீரில் அது ஏராளமாக வெளியேறுவதை 1930-களிலேயே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் டேவிட் கத்பர்ட்சன் என்ற ஆய்வாளர் அளந்து காட்டினார். 1 கிராம் நைட்ரஜன் போனால் ஏறக்குறைய 30 கிராம் தசை போனதாகக் கணக்கு. பெரிய வயிற்று ஆபரேஷன்களில் மயக்க மருத்துவர்களான நாங்கள் வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் எபிடூரல் ஊசி இந்தச் சிதைவைக் குறைக்கவே செய்கிறது. ஆனாலும் கெட்ட பெயர் எங்களுக்குத்தான்!

சரி, சீழ் விஷயம். சீழ் என்பது கிருமியும், அதோடு சண்டை போட்டுச் செத்த வெள்ளையணுக்களும். முட்டையிலிருந்து அது வராது, பருப்பிலிருந்தும் வராது. தையல் நூல் சில நாளைக்குத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். அப்புறம் தோலை ஒட்டவைப்பது கொலாஜன். கொலாஜன் ஒரு புரதம். அது உருவாக வேண்டிய நேரம் பார்த்துப் புரதத்தை நிறுத்தினால் புண் எப்படி ஆறும்? பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு உடல் எடையில் கிலோவுக்கு 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். 60 கிலோ உள்ளவருக்கு நாளுக்கு 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. ஒரு டம்ளர் கஞ்சியில் இரண்டு மூன்று கிராம் தேறினாலே அதிகம். இதில் சர்க்கரை நோயாளிக்கும் கஞ்சி, ரஸ்க் என்று ஊட்டுகிறார்கள். சீழுக்கு நிஜமாகவே வழிவிடுவது கட்டுக்கடங்காத சர்க்கரை!

ஆபரேஷனுக்கு முந்தைய நாளே பட்டினி போடாதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு இட்லி மாதிரி லேசான உணவை 6 மணி நேரத்துக்கு முன்னும், தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்னும் நிறுத்தினால் போதும். உங்கள் மயக்க மருத்துவர் வேறு நேரம் சொன்னால் அதுதான் கணக்கு. சாப்பிட்டதை மறைக்காதீர்கள், உயிர் போகும்.

வீடு திரும்பியதும் முட்டை, மீன், பருப்பு, தயிர், சுண்டல், எது ஒத்துக்கொள்கிறதோ அதை மூன்று வேளையும் கொடுங்கள். பல் இல்லையென்றால் மசித்துக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறோ கல்லீரல் கோளாறோ இருப்பவர்களுக்கு மட்டும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தயவுசெய்து பெரியவர்களைப் படுக்கையிலேயே வைத்திருக்காதீர்கள். டாக்டர் அனுமதித்த அன்றே பிடித்து நடக்கவையுங்கள். படுத்தே கிடந்தால் சாப்பிட்ட முட்டையும் தசையில் சரியாகச் சேராது.