எழுபதில் தம் கட்டும் பழைய மாருதி: முதலில் கார்பரேட்டரைக் கழற்றாதீர்கள்

போன மாதம் பட்டறைக்கு ஒரு 1996 மாருதி 800 வந்தது. ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவருடைய வண்டி. ஊருக்குள் ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. நீலாம்பூர் பைபாஸில் ஏறி எழுபதைத் தொட்டுக் கொஞ்ச தூரம் போனதும் முக்க ஆரம்பித்துவிடுகிறது. மிதிக்க மிதிக்க இரைச்சல்தான், இழுவை இல்லை. ஓரமாக நிறுத்தி ஐந்து நிமிடம் கழித்து எடுத்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது.

ஏற்கெனவே இரண்டு இடங்களில் கார்பரேட்டரை (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுப்பது) பிரித்து மாட்டியிருந்தார்கள். ஓரிடத்தில் பெட்ரோலை அளந்துவிடுகிற மெயின் ஜெட்டுக்குள் கம்பிவிட்டு ஓட்டையைப் பெரிதாக்கியும் இருந்தார்கள். பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. ஜெட் துளை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கில் போடப்படுவது. கம்பியால் குடைந்தபின் அது வெறும் பித்தளைத் துண்டு.

இந்தப் புகாரோடு யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: மிதித்த உடனே முக்குகிறதா, கொஞ்ச நேரம் நன்றாக இழுத்துவிட்டு அப்புறம் முக்குகிறதா?

காரணம் எளிது. கார்பரேட்டரின் மிதவை அறையில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் இருக்கும். லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் தருகிற வண்டி எண்பதில் போனால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 மில்லி குடிக்கும். டேங்கிலிருந்து அதைவிடக் குறைவாக வந்தால் அறையின் மட்டம் மெல்ல இறங்கும். இறங்கியபின் வண்டி முக்கும். நிறுத்தினால் அறை நிரம்பிவிடும், திரும்ப ஓடும். அதனால் கொஞ்ச நேரம் கழித்து வருகிற முக்கலுக்கு முதல் சந்தேகம் பெட்ரோல் வருகிற வழிமேல். பட்டறையில் நியூட்ரலில் ரேஸ் செய்து "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்வதில் பொருளே இல்லை. சுமை இல்லாத இன்ஜின் குடிக்கிற பெட்ரோல் சொற்பம்.

அடுத்து சோக். காற்றைக் குறைத்துக் கலவையில் பெட்ரோலைக் கூட்டுகிற இழுவை அது. வண்டி முக்கிக்கொண்டிருக்கும்போதே சோக்கைக் கால்வாசி இழுத்துப் பார்க்க வேண்டும். இழுவை வந்தால் பெட்ரோல் போதவில்லை. இன்னும் மோசமாகிக் கறும்புகை வந்தால் பெட்ரோல் அதிகம். ஏர் ஃபில்டர் அடைப்பையும் மிதவை மட்டத்தையும் பாருங்கள். எந்த மாற்றமும் இல்லை என்றால் கார்பரேட்டரை விட்டுவிட்டு டெல்கோ (பிளக்குகளுக்குத் தீப்பொறி மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர்) பக்கம் போகலாம். செலவில்லாத சோதனை, யாரும் செய்வதில்லை. (பின்னால் வண்டி வராத நேரம் பார்த்து, கூட ஓர் ஆளை வைத்துக்கொண்டு செய்யுங்கள்.)

நம் வண்டி சோக்குக்குத் தெளிந்தது. டேங்க் மூடியைத் தளர்த்தி ஓட்டினேன். காற்றுத் துளை அடைத்திருந்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் வராது. மாற்றமில்லை. பெட்ரோல் ஃபில்டர் புதிது. ஏசி பம்ப் (டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சித் தரும் பம்ப்) அடிக்கிற அளவும் சரி. கடைசியில் பின்பக்கம் படுத்து டேங்கை ஒட்டிய ஓஸைப் பிடித்துப் பார்த்தால் வெந்த கத்தரிக்காய் மாதிரி அமுங்குகிறது. யாரோ மாற்றிய மட்டமான ரப்பர். பம்ப் முன்னால் இன்ஜினில் இருக்கிறது, டேங்க் பின்னால். பம்ப் பலமாக உறிஞ்சும்போது ஓஸ் உள்வாங்கி ஒட்டிக்கொள்கிறது. வண்டி நின்றதும் பழைய வடிவத்துக்கு வந்துவிடுகிறது.

இப்போது இது அதிகம் வரும். 2023 பிப்ரவரியில் பெட்ரோல் பங்குகளுக்கு வரத் தொடங்கிய இ20 பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம். அதற்கென்று செய்யாத ரப்பரை அது ஊறவைத்து இளக்கும். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், அதே ஜெட்டில் கலவையும் கொஞ்சம் வறண்டுபோகும், அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இருக்காது. இன்ஜெக்‌ஷன் வண்டி சென்சாரைப் பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும். கார்பரேட்டருக்கு அந்த வித்தை தெரியாது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பெட்ரோல் ஓஸ்களையும் பம்ப் டயாஃப்ரத்தையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றிவிடுவது நல்லது. இதை அலட்சியமாக விடாதீர்கள்: கசிந்தால் தீ.

உடனே முக்குகிற வண்டி வேறு ரகம். அம்பாசிடர், பத்மினி என்றால் நான் முதலில் திறப்பது டெல்கோ மூடியை. உள்ளே தீப்பொறிக்காகத் திறந்து மூடும் பாயிண்டின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஐடிலில் சரியாக இருக்கும், வேகத்தில் பாயிண்ட் மூட நேரமில்லாமல் மிஸ் அடிக்கும். அம்பாசிடரின் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். பாயிண்டுக்குக் கீழே, வேகம் கூடும்போது தீப்பொறியை முன்கூட்டியே வரவைக்கும் அட்வான்ஸ் எடைகள் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டாலும் மேல் வேகத்தில் இழுவை செத்துப்போகும். தீப்பொறி வரும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட் வைத்து ரேஸ் செய்யும்போது இன்ஜின் புல்லியிலுள்ள குறி நகராமல் நின்றால் அதுதான்.

சைலன்சரையும் மறக்க வேண்டாம். 1995 ஏப்ரல் முதல் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் விற்ற புதிய பெட்ரோல் கார்களில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் (புகையைச் சுத்தம் செய்யும் பெட்டி) கட்டாயம். கார்பரேட்டர் வண்டியிலும் அது உண்டு. உள்ளே உருகி அடைத்துக்கொண்டால் இன்ஜினால் மூச்சுவிட முடியாது. ஐந்து நிமிடம் நிறுத்தினாலும் தெளியாது. அதிலிருந்தே பெட்ரோல் கோளாறைப் பிரித்துவிடலாம்.

எந்தக் காரணமானாலும், முக்குகிற வண்டியை மிதித்தே ஓட்டிச் சமாளிக்காதீர்கள். வறண்ட கலவையில் தொடர்ந்து சுமை கொடுத்தால் வால்வும் பிஸ்டனும் கருகும்.

ஓஸ் மாற்ற அரை மணி நேரம் ஆனது. குடைந்த ஜெட்டுக்குப் பதிலாகச் சரியான எண் ஜெட் தேடித்தான் மூன்று நாள் அலைந்தேன்.