ஒயில் முடிந்த மிசினுக்குள் எதை ஊற்றலாம், எதை ஊற்றக்கூடாது

வெங்காயத் தோட்டங்களில் இறைப்பு தொடங்கிவிட்டால் எனக்கு வருகிற தொலைபேசி அழைப்புகளில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். "தம்பி, மிசினில ஒயில் இல்லை. கடையும் பூட்டிப்போட்டாங்கள். வீட்டில தேங்காயெண்ணெய் கிடக்கு, விடலாமோ?" என்று ஒரு ஐயா கேட்பார். இன்னொருவர் கையில் நல்லெண்ணெய்ப் போத்தல், வேறொருவரிடம் கியர் ஒயில் தகரம். கேட்காமலே ஊற்றிவிட்டு, எஞ்சின் இறுகிய பிறகு கராச்சுக்குக் கொண்டு வருகிறவர்களும் உண்டு.

பழைய எஞ்சின், ஒயிலின் தடிப்பு மாறினால் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். வகை மாறினால் பொறுக்காது. இது மனதில் இருந்தால் இரவு பத்து மணிக்கும் சரியான முடிவெடுக்கலாம். உங்கள் மிசினுக்கு எஸ்ஏஇ 30 (எஸ்ஏஇ என்பது ஒயிலின் தடிப்பைச் சொல்லும் அளவு) போடச் சொல்லியிருக்கும். அது கிடைக்கவில்லையா, மோட்டார் சைக்கிளுக்கு விடுகிற 20டபிள்யூ-40 போதும். எந்தச் சந்தியிலும் ஒரு பைக் கடையிலோ பெற்றோல் செட்டிலோ அது இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரின் காருக்கு வாங்கிய 20டபிள்யூ-50 மிச்சம் இருந்தால் அதுவும் சரி. உழவு இயந்திரத்துக்கு விடுகிற 15டபிள்யூ-40 டீசல் ஒயிலைப் பெற்றோல் மிசினுக்கு விடலாம். கம்பனி வேறு, நிறம் வேறு என்று பயப்பட வேண்டாம். எஞ்சின் ஒயில்கள் ஒன்றோடொன்று கலக்கும். மறுபக்கம், பெற்றோல் காருக்கான ஒயிலை மாசி பெர்குசன் 135 உழவு இயந்திரம் மாதிரியான டீசல் எஞ்சினுக்கு விட்டால் வேலையை முடித்து வீடு வரலாம். ஆனால் டீசல் புகைக்கரியைத் தாங்கும் வலு அதற்குக் குறைவு. விரைவில் மாற்றிவிட வேண்டும்.

அதற்கு முன் ஒயில் உண்மையிலேயே இல்லையா என்று பாருங்கள். 5.5 குதிரைவலு இறைப்பு மிசினுக்குள் மொத்தமே 600 மில்லிலீற்றர் அளவுதான் பிடிக்கும். மிசினைச் சரிவான வரம்பில் வைத்துக்கொண்டு ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்த்தால் பொய்தான் காட்டும். சமதரையில் வைத்து, நிறுத்திச் சில நிமிடம் விட்டு, கம்பியைத் துடைத்து, திரிகாமல் உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். திரித்து இறுக்கிப் பார்த்தால் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். இந்தச் சின்ன எஞ்சின்கள் பலவற்றில் ஒயில் பம்பு கிடையாது. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கொனெக்டிங் றொட்டின் அடியில் ஒரு சின்ன நாக்கு இருக்கும். அது சுற்றும்போது ஒயிலை அள்ளி மேலே விசிறும். மட்டம் கொஞ்சம் இறங்கினாலே நாக்குக்கு எட்டாது. மிசின் சத்தம் மாறாமல் ஓடும், கிராங் மட்டும் காய்ந்துகொண்டிருக்கும்.

மட்டம் கூடியிருந்தால்? அதைப் பார்த்துச் சந்தோசப்படாதீர்கள். மண்ணெண்ணெயில் ஓடுகிற மிசின்களில் இது அடிக்கடி நடக்கும். எஞ்சின் சூடாக முன்பே பெற்றோலில் இருந்து மண்ணெண்ணெய்க்கு மாற்றினால், எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் றிங்கைத் தாண்டிக் கீழே வடிந்து ஒயிலோடு சேரும். கம்பியை மணந்து பாருங்கள், விரலுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள். தண்ணியாக வழுக்கி மண்ணெண்ணெய் மணத்தால் அதற்கு மேல் புது ஒயில் ஊற்றிப் பயனில்லை. முழுவதையும் இறக்க வேண்டும். நன்றாகச் சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுங்கள், நிறுத்துவதற்கு முன் சில நிமிடம் பெற்றோலில் ஓடவிடுங்கள். இது பாதித் தொல்லையைக் குறைக்கும்.

இனி சமையலறை எண்ணெய்கள். தேங்காய் எண்ணெய் விட்டால் மிசின் ஸ்டார்ட் ஆகும், ஓடும், வழுவழுப்பும் இருக்கும். அதனால்தான் ஆபத்து. சூடேறிய சம்பில் (எஞ்சினின் அடியில் ஒயில் கிடக்கும் தொட்டி) அது ஒருபக்கம் மெலியும், மறுபக்கம் காற்றோடு சேர்ந்து பிசினாகும். நல்லெண்ணெய் இன்னும் விரைவாகப் பிசினாகும். அப்படி ஓடிய ஒரு எஞ்சினை ஒருமுறை பிரித்தேன். றிங் காடிகளில் பனங்கட்டிப் பாகு போல ஒட்டிக் கிடந்தது, றிங் அசையவில்லை. பெற்றோல் விட்டுக் கழுவியும் போகவில்லை, சுரண்டித்தான் எடுத்தோம். எஞ்சிய எஞ்சின் ஒயிலோடு சமையல் எண்ணெய் கலந்து சூடேறும்போது சில சமயம் மொத்தமும் கூழாகிவிடும். தேங்காய் எண்ணெய் 24 பாகை செல்சியஸ் அளவில் உறையத் தொடங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தை மாத விடியற்காலையில் போத்தலில் பார்த்திருப்பீர்கள்.

ஆமணக்கெண்ணெய் பற்றி விசயம் தெரிந்தவர்கள் வாதிடுவார்கள். முதலாம் உலகப் போர் விமானங்களில் அதுதானே ஓடியது என்பார்கள். ஓடியதுதான். ஆனால் அந்தச் சுழல் எஞ்சின்களில் எண்ணெய் ஒருமுறை உள்ளே போய் வெளியே கொட்டிவிடும். சம்பில் கிடந்து வேகாது. எஞ்சினையும் அடிக்கடி பிரித்துச் சுத்தம் செய்தார்கள். உங்கள் மிசினை அப்படிப் பிரிக்க ஆள் வைத்திருக்கிறீர்களா?

இன்னொரு வாதம் எங்கள் ஊருக்கே உரியது. 1990 இல் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்து, எரிபொருளும் உதிரிப்பாகமும் வராத காலத்தில் கிடைத்ததை விட்டு ஓட்டினோமே என்று மூத்தவர்கள் சொல்வார்கள். உண்மை. மொறிஸ் மைனர் காரே மண்ணெண்ணெயில் ஓடியது. வேறு வழியில்லாமல் செய்த அந்தக் கெட்டித்தனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் ஓடிய மிசின்தான் நினைவில் நிற்கிறது. கொட்டிலின் மூலையில் துருப்பிடித்துக் கிடந்ததை யாரும் கதையில் சேர்ப்பதில்லை.

கியர் ஒயில் 90 தடிப்பானது, அதனால் நல்லது என்று நினைக்கிறார்கள். அந்த 90 வேறு அளவுகோல். எஞ்சின் ஒயிலில் 40, 50 க்கு அண்மையானதுதான். சிக்கல் தடிப்பில் இல்லை. பற்சில்லுகளுக்காகச் சேர்க்கும் கந்தகச் சேர்மங்கள் எஞ்சின் சூட்டில் வெண்கலப் புஷ்களைத் தின்னும். கரியைக் கழுவும் மருந்தும் அதில் இல்லை. ஹைட்ரோலிக் ஒயில் 68 அதைவிடப் பரவாயில்லை. உழவு இயந்திரத்தை வயலில் இருந்து வீதிக்குக் கொண்டுவர, கலப்பையைத் தூக்கிவிட்டு மெதுவாக ஓட்டலாம். உழவு கூடாது. பிரேக் ஒயில் ஒரு சொட்டும் வேண்டாம், அது சீல் றப்பரை ஊதச் செய்யும்.

கராச் பெரலில் கிடக்கும் கறுப்பு ஒயிலைத் துணியில் வடித்துக் கேட்கிறவர்களுக்கு நான் கொடுப்பதில்லை. அதற்குள் பிரேக் ஒயில், கூலன்ட், இரும்புத் தூள் எல்லாம் இருக்கும். துணி தூளைத்தான் பிடிக்கும், அமிலத்தைப் பிடிக்காது. உங்கள் பைக்கில் இருந்து நேற்று இறக்கிய ஒயில், கலப்படமில்லாமல் சுத்தமான போத்தலில் இருக்கிறதென்றால், தேங்காய் எண்ணெயைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

எதுவும் கிடைக்காவிட்டால் மிசினை நிறுத்துங்கள். நாலு பரப்பு வெங்காயம் ஒருநாள் தண்ணீர் பிந்தினால் வாடும், செத்துப்போகாது. கிராங் பிடித்தால் அந்தப் போகம் முழுக்க வாடகை மிசின்தான்.

மாற்று ஒயிலில் ஓட்டியிருந்தால், எஞ்சின் சூடாக இருக்கும்போதே இறக்குங்கள். பிறகு மலிவான எஞ்சின் ஒயில் விட்டு, தண்ணீர்ப் பாரம் குறைவாக வைத்துக் கொஞ்சம் ஓட்டி, அதையும் இறக்கி, அப்புறம் நல்ல ஒயில் விடுங்கள். பில்டர் உள்ள எஞ்சின் என்றால் பில்டரையும் மாற்றுங்கள்.

இறக்கியதைக் கிணற்றடியில் கொட்டாதீர்கள். எங்கள் நிலத்தின் கீழே இருப்பது சுண்ணக்கல். வெடிப்பு வழியே எதுவும் தண்ணீருக்குப் போய்விடும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்து சனம் பட்ட பாடு தெரியும்தானே. மூடியுள்ள கானில் சேர்த்து கராச்சில் கொடுங்கள்.

மூடி உடைக்காத ஒரு லீற்றர் எஸ்ஏஇ 30 போத்தலை மிசின் கொட்டிலில் வெயில் படாத மூலையில் வையுங்கள். வாங்கும்போது மூடியின் சீலைப் பாருங்கள், பழைய போத்தலில் நிரப்பி விற்கிறவர்களும் இருக்கிறார்கள்.