எண்டரைத் தட்டுவதற்கு முன்

சில மாதங்களுக்கு முன் ஓர் அச்சகத்தின் வடிவமைப்புக் கணினியை லினக்ஸ் இயங்குதளமான உபுண்டுவின் 22.04 பதிப்பிலிருந்து 24.04-க்கு மாற்றித் தரும்படி அழைத்திருந்தார்கள். வேலையைத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே, சார்புகளை (ஒரு மென்பொருள் இயங்கத் தேவையான மற்ற மென்பொருள்களை) கணக்கிட முடியவில்லை என்ற செய்தியோடு அது நின்றுவிட்டது. தேடிப் பார்த்ததில், படங்களைத் திருத்தும் கிம்ப் மென்பொருளின் புதிய பதிப்பு வேண்டுமென்று எப்போதோ யாரோ சேர்த்து வைத்த ஒரு பிபிஏ (தனிநபர்களோ குழுக்களோ நடத்தும் வெளி மென்பொருள் களஞ்சியம்), கிம்ப்போடு நில்லாமல் அது சார்ந்திருக்கும் நிரல் நூலகங்களையும் உபுண்டு தருவதைவிட உயர்ந்த பதிப்புகளாக மாற்றியிருந்தது தெரிந்தது. சேர்த்தவர் வேலையை விட்டே போய்விட்டார்.

புதிய பதிப்பு தேவைப்படுவதில் தவறில்லை. 22.04 போன்ற நீண்டகால ஆதரவு வெளியீடுகளில் பெரும்பாலான மென்பொருள்களின் பதிப்பு எண் உறைந்தே இருக்கும் என்பதால், புதிய வசதி வேண்டுவோர் வெளியே தேடத்தான் செய்வார்கள். ஆனால் பழைய எண் என்றாலே பாதுகாப்பற்றது என்று கருதிப் பிபிஏவைத் தேடுவது வீண் வேலை. 22.04-இல், மறையாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகம் இன்றும் 3.0.2 என்றுதான் காட்டும். பாதுகாப்புத் திருத்தங்கள் அதே பதிப்புக்குள் கொண்டுவரப்பட்டு, பின்னொட்டு எண் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும்.

பிபிஏக்களுக்கு உபுண்டுவை உருவாக்கும் நிறுவனத்தின் லாஞ்ச்பேட் தளம் இடம் தருகிறது, தொகுப்புகளை (நிறுவத் தயாரான மென்பொருள் கோப்புகளை) கட்டியும் தருகிறது. உள்ளே இருப்பதைச் சரிபார்த்துச் சான்று தருவதில்லை. ஒரு தொகுப்பை நிறுவும்போது அதனுள் இருக்கும் நிறுவல் நிரல்கள் கணினியில் எதையும் மாற்றக்கூடிய ரூட் உரிமையோடு இயங்குகின்றன. அந்த உரிமை முதல் நாளோடு முடிவதுமில்லை. ஒவ்வொரு புதுப்பிப்பின்போதும் அந்தப் பராமரிப்பாளர் உங்கள் கணினிக்குள் வந்து போகிறார். பராமரிப்பாளர் மாறினால் என்ன ஆகும் என்பதை ஆர்ச் லினக்ஸ் பயனர்களே நடத்தும் ஏயூஆர் களஞ்சியம் 2018-இல் காட்டியது: கைவிடப்பட்டிருந்த, பிடிஎஃப் படிக்கும் அக்ரோரீட் தொகுப்பை ஏற்றுக்கொண்ட ஒருவர், அதில் தீங்கு நிரலைச் செருகினார்.

ஆகவே, பிபிஏவைச் சேர்க்கும் கட்டளை விவரக்குறிப்பைக் காட்டி எண்டருக்காகக் காத்திருக்கும் அந்த இடத்தில் நின்று படியுங்கள். பைத்தான் நிரல்மொழியின் வெவ்வேறு பதிப்புகளுக்குப் பெரிதும் பயன்படும் டெட்ஸ்னேக்ஸ் என்ற பிபிஏ, பாதுகாப்புத் திருத்தங்கள் உரிய நேரத்தில் வருமென்று உத்தரவாதமில்லை என அங்கேயே நேர்மையாக எழுதி வைத்திருக்கிறது. அது தரும் பைத்தான் 3.12, 22.04-இன் சொந்த 3.10-க்குப் பக்கத்தில் தனியாக அமர்கிறது. அதைத் தொந்தரவு செய்வதில்லை. அதற்குப் பிறகு 'பைத்தான்3' என்ற பெயரையே புதியதற்குத் திருப்பிவிட்டு, உபுண்டுவின் தொகுப்பு மேலாளரான ஆப்ட்டின் மாட்யூலைக் காணவில்லை என்ற பிழையோடு என்னிடம் வருபவர்கள்தான் அதிகம். அந்தக் குற்றம் பிபிஏவுடையதல்ல.

சேர்த்த பின் 'ஆப்ட் பாலிசி' கட்டளையோடு தொகுப்பின் பெயரைக் கொடுத்தால், எந்தப் பதிப்பு எந்தக் களஞ்சியத்திலிருந்து வருகிறது என்பது தெரியும். பிபிஏவுக்கும் உபுண்டுவுக்கும் இயல்பாக ஒரே முன்னுரிமை, 500. எனவே பதிப்பு எண் உயர்ந்தது வெல்லும், நீங்கள் கேட்காத தொகுப்பாக இருந்தாலும். பிபிஏ முழுவதையும் 100-க்கு இறக்கிவிட்டு, வேண்டிய தொகுப்பை மட்டும் 500-இல் வைப்பது என் வழக்கம்.

அச்சகத்தில் பிபிஏவை நீக்கும் பிபிஏ-பர்ஜ் கருவியால் நூலகங்களை உபுண்டுவின் பதிப்புகளுக்கே இறக்கிய பிறகுதான் மேம்படுத்தல் நகர்ந்தது. அரை நாள் போயிற்று. 24.04-இல் உபுண்டுவே தருவது கிம்ப் 2.10.36. அவர்களுடைய வேலைக்கு அதுவே போதுமானதாக இருந்தது.