பஸ் பாஸும் சைக்கிளும் நழுவிப்போகும் இடங்கள்

பதினாறு வயதுப் பையன் அப்பாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனால் ஊரே அதைத் திமிர் என்கிறது. அந்தப் பையனிடம் பஸ் பாஸ் இருக்கிறதா, காலை வண்டி அவன் ஊர் நிறுத்தத்தில் நிற்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. வளரும் பிள்ளைகள் எதில் போகிறார்கள் என்பதைப் பாதி தீர்மானிப்பது ஜூன் மாதத்தில் பள்ளி அலுவலகத்தில் நகரும் காகிதம். தமிழ்நாட்டில் இதற்கான திட்டங்கள் இருக்கின்றன. அவை வீடு வந்து சேர்வதற்குள் நழுவும் இடங்களும் இருக்கின்றன.

அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கு இலவச பஸ் பாஸ் உண்டு. பெற்றோர் அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனைக்குப் போனால் ‘பள்ளியில் கேளுங்கள்’ என்பார்கள்; பள்ளியில் கேட்டால் ‘பணிமனையிலிருந்து வரவில்லை’ என்பார்கள். இந்த அலைச்சலில் ஒரு நாள் கூலி போன பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். தொடங்க வேண்டிய இடம் பள்ளிதான். ‘பாஸ் எப்போது வரும்?’ என்று கேட்டால் ‘வரும்’ என்ற பதிலோடு திரும்ப வேண்டியதுதான். ‘என் பிள்ளையின் பெயர் எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது?’ என்று கேளுங்கள். அனுப்பாத பெயருக்கு எந்த ஜென்மத்திலும் பாஸ் வராது.

படிவத்தில் ஏறும் இடத்தை எழுதுவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஊர்ப் பெயரை எழுதாதீர்கள். வண்டி உண்மையில் நிற்கும் நிறுத்தத்தின் பெயரை எழுதுங்கள். வழியில் வண்டி மாற வேண்டுமென்றால் மாறும் இடத்தையும் சேருங்கள். பாட்டி வீட்டில் தங்கிப் படிக்கும் பிள்ளை என்றால் பாட்டி வீட்டு நிறுத்தம்தான் வேண்டும். ஆதாரில் இருக்கிறதே என்று பழைய முகவரியை அப்படியே எழுதினால் அந்தப் பாஸால் பயனில்லை. பாஸ் கைக்கு வந்த அன்றே தடத்தைப் படித்துப் பாருங்கள். தனியார் பேருந்திலும் தனியார் மினி பஸ்ஸிலும் அது செல்லாது.

புதிய பாஸ் வரும்வரை சீருடையோ பழைய பாஸோ போதும் என்று அண்மை ஆண்டுகளில் பள்ளி திறக்கும் சமயத்தில் அறிவிப்பு வருகிறது. அந்த அறிவிப்பு எல்லா நடத்துநர் காதுக்கும் எட்டுவதில்லை. செய்தித்தாளில் வந்தால் கத்தரித்துப் பிள்ளையின் பையில் வைத்துவிடுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு 2021 மே மாதம் முதல் விடியல் பயணம் என்ற மகளிர் இலவசப் பயணம் இருக்கிறதே, பாஸ் எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். அது அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துக்கு மட்டும். அந்த வண்டி வராத ஊரில் அதற்குப் பொருளே இல்லை.

அரசின் இலவச சைக்கிள் பதினோராம் வகுப்பில் வரும். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கியது, பின்னர் எல்லாச் சமூக மாணவ மாணவியருக்கும் விரிந்தது. இங்கே பொறி இரண்டு. உதவி பெறும் பள்ளியிலேயே அரசு நிதி இல்லாத சுயநிதிப் பிரிவில் சேர்ந்துவிட்டால் சைக்கிள் கிடையாது. சேர்க்கும்போது எந்தப் பிரிவு என்று வாயால் கேட்டு உறுதி செய்யுங்கள், யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். இன்னொன்று, பத்தாம் வகுப்பு முடித்துப் பள்ளி மாறுவோருக்கு. பழைய பள்ளி மாற்றுச் சான்றிதழைக் கொடுத்துவிட்டு, மாணவர் விவரங்களைப் பள்ளிக் கல்வித் துறை பதிந்துவைக்கும் எமிஸ் இணையதளத்தில் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு, அதாவது அவர்கள் ‘காமன் பூல்’ என்பதற்கு, அனுப்பாமல் விட்டுவிடும். புதிய பள்ளி பெயரை இழுக்க முடியாது. பட்டியலில் பெயர் இல்லையென்றால் சைக்கிளும் இல்லை. காகிதத்தைக் கையில் வாங்கும்போதே எமிஸில் விடுவித்துவிட்டார்களா என்று கேளுங்கள். (இவ்வளவுக்கும் பிறகு சைக்கிள் கல்வியாண்டின் பாதியைத் தாண்டி வருவதும் உண்டு. அது வேறு வயிற்றெரிச்சல்.)

பலருக்கும் தெரியாத ஒன்று. கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரைதான். அதனால் எட்டாம் வகுப்புக்கு மேல் போக்குவரத்து உதவி கிடையாது என்று கையை விரித்துவிடுவார்கள். ஆனால் ‘சமக்ர சிக்ஷா’ எனப்படும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இந்த உதவி 2021இல் உயர்நிலை வகுப்புகளுக்கும் நீட்டிக்கப்பட்டது, ஆண்டுக்கு ரூ.6,000 வரை. எல்லாருக்கும் அல்ல. பள்ளி தொலைவில் உள்ள குடியிருப்பு என்று உங்கள் ஊர் ஆண்டுத் திட்டத்தில் ஏற வேண்டும். ஆண்டு நடுவில் போய்க் கேட்டால் ‘நிதி இல்லை’ என்பார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, முன்கூட்டியே வட்டார வள மையத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

ஸ்கூட்டருக்கு வருவோம். பதினாறு வயதில் உரிமம் கிடைக்கும் என்பது அரை உண்மை. அது கியர் இல்லாத, 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு. கடையில் விற்கும் வழக்கமான ஸ்கூட்டர் 100 சிசியைத் தாண்டியது. பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ ரூ.25,000 அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கலாம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும், பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. பஸ்ஸை நிறுத்தாமல் போன ஓட்டுநருக்கு என்ன தண்டனை என்று கேட்கத் தோன்றுகிறது.

வண்டி நிற்கவில்லையென்றால் பொதுவாகப் புலம்ப வேண்டாம். தட எண், பேருந்தின் பதிவு எண், தேதி, நேரம், நிறுத்தம் ஆகிய ஐந்தையும் எழுதிப் பணிமனையின் கிளை மேலாளரிடம் கொடுங்கள். பல பெற்றோர் கையெழுத்திட்டால் நல்லது. அசையவில்லையென்றால் முதல்வரின் உதவி எண்ணான 1100க்கு அழைத்துப் புகார் எண்ணை வாங்குங்கள். பாஸ், சைக்கிள் சிக்கலுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. அதற்கும் பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு. போகும்போது பழைய மனுவின் நகலையும் ஒப்புகையையும் எடுத்துச் செல்லுங்கள். இல்லாவிட்டால் முதலிலிருந்து தொடங்கச் சொல்வார்கள்.