ஒரு பக்கத்துக்கு ஒரு வரி போதும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பாலர் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். ஆண்டுத் தொடக்கத்தில் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "டீச்சர், பிள்ளை எப்போ எழுத ஆரம்பிக்கும்?" என்பதுதான். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. தொடக்கப்பள்ளி முதலாம் ஆண்டில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் ஒன்றாக வந்து நிற்கும். ஆனாலும் நான்கு வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணிக்கும் முன், குழந்தைப் பாடல் படப்புத்தகம் ஒன்றை மடியில் விரித்து வையுங்கள் என்றுதான் சொல்வேன்.

எழுத்துக்கு முன்னால் காது பழக வேண்டும். 1987-இல் மெக்லீன், பிரையன்ட், பிராட்லி ஆகிய மூவர் இங்கிலாந்தில் செய்த ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மூன்று வயதில் குழந்தைப் பாடல்கள் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள், பிறகு சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்தறிவதிலும் முந்தி நின்றார்கள். தமிழ்ப் பாட்டில் இதற்கு வசதி அதிகம். 'நிலா நிலா ஓடி வா, நில்லாமல் ஓடி வா, மலை மேலே ஏறி வா, மல்லிகைப்பூ கொண்டு வா.' நிலா, நில்லாமல். மலை, மல்லிகை. மோனை என்ற பெயரே தெரியாமல் குழந்தை அதைப் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் 'ம' எழுதிக் காட்டும்போது, அந்த ஒலி அதற்குப் பழைய சிநேகிதம்.

புத்தகம் வாங்கும்போது கவனம் தேவை. பலவற்றில் முழுப் பாட்டையும் ஒரே பக்கத்தில் நெருக்கிப் போட்டு, ஓரத்தில் ஒரு படம் வைத்திருப்பார்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு வரி, அந்த வரிக்கே உரிய படம் என்று இருப்பதைத் தேடுங்கள். வகுப்பில் 'கை வீசம்மா' பாடியபோது, 'மிட்டாய் வாங்கலாம்' என்ற இடத்தில் ஒரு சிறுமி படம் முழுக்க விரலால் தேடினாள். கடை இருந்தது, கடைக்காரர் இருந்தார். "டீச்சர், மிட்டாய் எங்க?" என்றாள். எழுத்துக்கூட்டவே தெரியாத பிள்ளை, பாட்டையும் பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது! எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

நல்ல புத்தகம் அகப்படவில்லையா, நீங்களே செய்துவிடலாம். மளிகைக்கடையில் கொடுத்த பழைய நாள்காட்டியின் வெற்றுப் பக்கம் போதும். ஒரே அளவாக வெட்டி அடுக்கி, இடது ஓரத்தில் தைத்துவிடுங்கள். வரியை நீங்கள் பெரிதாக எழுதுங்கள், படத்தைப் பிள்ளை வரையட்டும். எங்கள் பிள்ளைகளின் நிலா செம்பனை (எண்ணெய்ப்பனை) மரத்துக்கு மேலேதான் வரும். அந்த மரம் அவர்கள் தினமும் பார்ப்பது.

கைபேசியில் பாட்டு ஓடினால் போதாதா என்று கேட்பார்கள். 2 முதல் 4 வயதுவரை திரை நேரம் நாளுக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது, ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது. அதைவிட, காணொளி பிள்ளைக்காக நிற்பதில்லை. நீங்கள் 'மல்லிகைப்பூ கொண்டு...' என்று நிறுத்திப் பாருங்கள், 'வா!' என்று கத்துவார்கள். அதே புத்தகத்தையே தினமும் கேட்டால் அலுத்துக்கொள்ளாமல் பாடுங்கள்.

அம்மாவும் அப்பாவும் ஷிப்ட் வேலைக்குப் போகும் வீட்டில் இதைப் பாட்டி தாத்தாவிடம் ஒப்படைத்துவிடலாம். பாட்டி பாடும் வரி புத்தகத்தோடு ஒத்துவராவிட்டால், சரி, பாட்டியின் வரியையே அந்தப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.